ஏழு ரேண்டுக்கு இவ்வளவு சண்டையா? கார்பன் விலை பற்றி ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் பெரியவர்களுக்கு ஒரு தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பாடம் ஒரு மணி நேரம்தான். அதன்பிறகு தேநீர், சில்லி பைட், வாக்குவாதம் என்று பொழுது சாய்ந்துவிடும். சில வாரங்களுக்கு முன் ஓர் அங்கிள் பெட்ரோல் ரசீது ஒன்றை மேசைமேல் போட்டார். “பெட்ரோல் இந்த விலை விக்குதுன்னா அந்தக் கார்பன் வரிதான் காரணம்” என்றார். எதிரில் இருந்த அக்கா, “லோட்ஷெடிங் வந்ததும் அதனாலதானே?” என்று மின்வெட்டையும் சேர்த்துக்கொண்டார். தென் டர்பனில் ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மெர்பேங்கில் வளர்ந்த ஓர் ஆன்ட்டி மட்டும் வரியின் பக்கம் நின்றார்: “இருக்கட்டும், வரி போட்டா ஆலைப் புகை குறையும், பிள்ளைங்களுக்கு ஆஸ்துமா நிக்கும்.”

மூன்றுமே தவறு. ஆனால் மூன்றிலும் ஒரு நூலிழை உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தத் தவறுகள் சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அன்று வெள்ளைப்பலகையில் கிறுக்கியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆகவே எண்கள் வரும். பயப்பட வேண்டாம், எல்லாம் பெருக்கலும் கழித்தலும்தான்.

முதலில் அந்த ரசீது

2025 ஏப்ரலில் ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் கார்பன் வரியின் பங்கு 14 சென்ட் ஆனது. டீசலில் 17 சென்ட். ஐம்பது லிட்டர் பெட்ரோல் போட்டால் 7 ரேண்ட்.

அதே ஐம்பது லிட்டரில் பொது எரிபொருள் வரி எவ்வளவு? 2025 ஜூனில் அது லிட்டருக்கு 4.01 ரேண்ட் ஆனது. ஆக 200 ரேண்டுக்கு மேல். சாலை விபத்து நிதிக்கு லிட்டருக்கு 2.18 ரேண்ட் வீதம் இன்னொரு 109. இவை தவிர, கச்சா எண்ணெய் விலையும் டாலருக்கு எதிரான ரேண்டின் மதிப்பும் மாதாமாதம் ஆட்டம் காட்டுகின்றன. யானை, ஒட்டகம் எல்லாம் நடந்துபோன தெருவில் எறும்பைப் பிடித்துவைத்து விசாரிக்கிறோம்.

லோட்ஷெடிங் கதை இன்னும் வேடிக்கை. அது 2007 இறுதியிலேயே தொடங்கிவிட்டது. கார்பன் வரி அமலுக்கு வந்தது 2019 ஜூன் 1. பிள்ளை பிறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து அப்பா பிறந்தார் என்று சொல்வதுபோல இருக்கிறது. மின்வெட்டுக்குக் காரணம் பழைய அனல் நிலையங்கள் பழுதாகிக்கொண்டே இருந்ததும், மெடுப்பி, குசிலே என்ற இரண்டு புது நிலையங்கள் பல வருஷம் தாமதமாகி, வந்தபிறகும் சரியாக ஓடாததும்தான்.

எந்தப் புகையைப் பற்றிப் பேசுகிறோம்?

மெர்பேங்க் ஆன்ட்டியின் குழப்பம் கொஞ்சம் ஆழமானது, அதைப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். தென் டர்பனில் வளர்ந்தவர்களுக்கு ‘மாசு’ என்றால் மூக்கில் ஏறும் நெடி, தொண்டையில் எரிச்சல். அதற்கு முக்கியக் காரணம் கந்தக டைஆக்ஸைடு போன்ற வாயுக்கள். அவை வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களையே தாக்கும்.

கார்பன் விலை குறிவைப்பது வேறொரு வாயுவை: கார்பன் டைஆக்ஸைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நாம் மூச்சு விடும்போதே வெளியே விடுகிறோம். அது நுரையீரலை எரிக்காது. வானத்தில் சேர்ந்து, பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் போர்வைபோல் பிடித்துவைக்கும். மெர்பேங்கில் வெளியேறினாலும் மும்பையில் வெளியேறினாலும் போர்வை ஒன்றுதான். நிலக்கரி எரிவது குறைந்தால் இரண்டு மாசும் சேர்ந்து குறையலாம். அந்த அளவுக்கு ஆன்ட்டி சொன்னது சரி. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆஸ்துமாவுக்குத் தனிச் சட்டம், தனிக் கண்காணிப்பு வேண்டும். கார்பன் வரியை நம்பி அதை விட்டுவிடக் கூடாது.

ஓர் ஆலையோ வண்டியோ வெளியேற்றும் இந்த வாயுக்களை உமிழ்வு என்கிறோம். அதை டன் கணக்கில் அளக்கிறார்கள். வாயுவை எப்படி நிறுப்பது என்று அங்கிள் கேட்டார். நிறுக்கத் தேவையில்லை, எரிபொருளை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்ஸைடு. ஐம்பது லிட்டருக்கு 115 கிலோ.

“ஐம்பது லிட்டர் பெட்ரோலே நாற்பது கிலோகூட வராதே?” என்று உடனே கேட்டார் அக்கா. நல்ல கேள்வி. உலர்ந்த அரிசியை ஊறவைத்தால் எடை கூடுகிறதல்லவா, தண்ணீரைக் குடிப்பதால்? அதுபோல பெட்ரோலில் இருக்கும் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. 12 கிலோ கார்பன் 32 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிலோவாக வெளியே வரும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கார்பன் வரி என்பது கண்ணுக்குத் தெரியாத, உலகத்துக்கே பொதுவான ஒரு வாயுவின் மேல் டன் கணக்கில் போடும் விலை. நம் பெட்ரோல் ரசீதில் அதன் பங்கு மிகச் சிறியது.

விலை எதற்கு?

மேட்டு வீட்டுக்காரர் தன் வீட்டுக் குப்பையைத் தெருச் சாக்கடையில் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேலை சுலபம், செலவு மிச்சம். மழை வந்ததும் அடைத்துக்கொண்ட சாக்கடைத் தண்ணீர் பள்ளத்து வீட்டுக்குள் போகிறது. படுக்கை, பாய், அடுப்பு எல்லாம் நாசம். லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு. செய்தவர் கணக்கில் வராமல் அடுத்தவர் தலையில் விழும் இந்த நஷ்டத்துக்கு வெளிச்செலவு என்று பெயர்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. குவாசூலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டொங்காட்டில் குடிநீர் நிலையமே அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று, பூமி சூடானதால் அப்படிப்பட்ட மழை பெய்யும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது என்று கணக்கிட்டது. வெள்ளம் முழுவதும் கார்பனால் என்று அவர்கள் சொல்லவில்லை. சரிவில் கட்டிய வீடுகளுக்கும் பராமரிக்காத வடிகால்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எங்கோ எரிந்த நிலக்கரிக்கு டொங்காட்டில் குடம் தூக்கியவர்கள் ஒரு பங்கு விலை கொடுத்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

அந்த வெளிச்செலவை, செய்தவர் கணக்கிலேயே எழுதிவிடுவதுதான் கார்பன் விலை. ஒரு டன் உமிழ்ந்தால் இவ்வளவு பணம். அதை அரசு வரியாக வாங்கினால் கார்பன் வரி.

சர்க்கரை வரியை நினைத்துப் பாருங்கள்

இதை விளங்கவைக்க நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் இனிப்புக் குளிர்பானங்களுக்கு வரி வந்தது. 100 மில்லிலிட்டரில் முதல் 4 கிராம் சர்க்கரைக்கு வரி இல்லை. அதற்குமேல் ஒவ்வொரு கிராமுக்கும் அப்போது 2.1 சென்ட். சர்க்கரை நோய் இல்லாத வீடு நம்மிடையே எத்தனை? அதனால் நம்மவர்கள் பலர் இதை வரவேற்றார்கள். கரும்பு விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களிலும் நம்மவர்கள் உண்டு.

நடந்தது என்ன? நாமெல்லாரும் விலையைப் பார்த்துப் பயந்து கோலாவை விட்டுவிட்டோமா? கொஞ்சம் பேர் விட்டிருக்கலாம். பெரிய மாற்றம் ஆலைக்குள் நடந்தது. ஒவ்வொரு கிராமுக்கும் வரி என்றதும் நிறுவனங்கள் பானத்தில் சர்க்கரையையே குறைத்துவிட்டன. கடையில் நிற்கும் நமக்குத் தெரியாமலே புட்டிக்குள் இருந்தது மாறிவிட்டது.

கார்பன் விலையும் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். அங்கிள் காரை விற்றுவிட்டு நடக்க வேண்டும் என்பது அதன் நோக்கமே இல்லை. மின்சாரம், எஃகு, சிமென்ட், நிலக்கரியிலிருந்து எடுக்கும் திரவ எரிபொருள் ஆகியவற்றைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களின் கணக்காளர்தான் அதன் இலக்கு. “இந்தப் பழைய கொதிகலனை மாற்றினால் வருஷத்துக்கு இவ்வளவு வரி மிச்சம்” என்று அவர் ஒரு நாள் இயக்குநர்களிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை சட்டம்.

மூன்று பவுன் வரியும் மாற்று வழியும்

சரி, விலை போட்டால் எல்லாரும் மாறிவிடுவார்களா? இங்கே நம் சொந்த வரலாறு ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது.

நேட்டாலில் 1895இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்த இந்தியர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி. மாதம் பத்து ஷில்லிங்கில் கூலி தொடங்கிய காலம் அது. மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். அரசு அந்த வரியைப் போட்டது கஜானாவை நிரப்ப மட்டும் அல்ல, ஆட்களின் நடத்தையை மாற்ற. சுதந்திரமாக வாழ்வதையே கட்டுப்படியாகாத செலவாக்கி, மறுபடி கரும்புத் தோட்டத்துக்குள் தள்ளுவதற்காக. 1913 வேலைநிறுத்தமும் அதில் சிறைசென்றவர்களின் பாடும் சேர்ந்து 1914இல் அதை ஒழித்தன. தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில் உயிரைக் கொடுத்தவர்.

நடத்தையை மாற்றும் வரி என்றாலே நம் வீடுகளில் ஒரு சந்தேகம் எழுவது இயல்பு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. வேறு நல்ல வழி இருப்பவருக்கு வரி ஒரு தூண்டுதல். வழியே இல்லாதவருக்கு அது வெறும் தண்டனை. குளிர்பான நிறுவனத்துக்கு மாற்று வழி இருந்தது, சர்க்கரையைக் குறைத்தது. பீனிக்ஸிலிருந்து விடியற்காலையில் டாக்ஸி பிடித்து உம்லாங்காவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு என்ன மாற்று? டீசலில் 17 சென்ட் ஏறினால் அவர் மின்சாரக் கார் வாங்கப் போவதில்லை.

ஆக, எந்தக் கார்பன் விலைத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ‘யார்மேல் விழுகிறது’ என்பதைத்தான். உடனே அடுத்தது, அவர் அதிலிருந்து நகர்ந்துகொள்ள வழி இருக்கிறதா என்பது.

விலையா, அளவா?

உமிழ்வைக் குறைக்க இரண்டு பாதைகள் உண்டு. 2018 கேப்டவுன் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்துச் சொல்கிறேன். தண்ணீர்க் கட்டணத்தைக் கடுமையாக ஏற்றினால் அது விலை வழி. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்படுத்தினால் அது அளவு வழி. அங்கே இரண்டையும் சேர்த்தே செய்தார்கள்.

அளவு வழியில் ஒரு படி மேலே போய், “உங்களுக்கு 50 லிட்டர் வேண்டாம், 40 போதும் என்றால் மீதிப் பத்தைப் பக்கத்து வீட்டுக்கு விற்கலாம்” என்று அனுமதித்தால் என்ன ஆகும்? மொத்தத் தண்ணீர்ச் செலவு அதிகமாகாது. சிக்கனமாக இருப்பவருக்குக் காசு. இதே ஏற்பாட்டை உமிழ்வுக்குச் செய்தால் அது உச்சவரம்பு வணிகம்: அரசு மொத்த அளவுக்கு ஒரு கூரை போடும், அதற்குள் உமிழ்வு உரிமைகளை நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று விற்று வாங்கிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் இது நடக்கிறது.

வரியில் விலை உறுதி, எவ்வளவு குறையும் என்பது உறுதியில்லை. கூரையில் அளவு உறுதி, விலை எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது. தென்னாப்பிரிக்கா வரியைத் தேர்ந்தெடுத்தது. மின்சாரம் தயாரிக்கும் எஸ்காம், நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்கும் சசோல் என்று ஒன்றிரண்டு பெரிய நிறுவனங்களே பெரும்பங்கு உமிழும் நாட்டில் விற்பதற்கும் வாங்குவதற்கும் ஆள் எங்கே? சந்தை என்றால் கூட்டம் வேண்டும்.

ஆனால் அளவு வழி இங்கே வேறொரு கதவு வழியாக நுழைந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் ஜனாதிபதி ராமபோசா கையெழுத்திட்ட காலநிலை மாற்றச் சட்டம், பெரிய நிறுவனங்களுக்குத் தனித்தனி கார்பன் வரவுசெலவு ஒதுக்கச் சொல்கிறது. அதாவது இத்தனை வருஷத்துக்கு இவ்வளவு டன் என்று ஒரு ரேஷன். மீறினால் மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 640 ரேண்ட் என்று நிதியமைச்சகம் 2022 பட்ஜெட்டிலேயே யோசனை சொல்லியிருந்தது.

தீபாவளித் தள்ளுபடி

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். செய்திகளில் அதிகம் வராத இடமும் இதுதான்.

2019இல் வரி தொடங்கியபோது டன்னுக்கு 120 ரேண்ட் என்று அறிவித்தார்கள். 2025இல் அது 236 ரேண்ட். 2030இல் 462 ஆக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. படித்தவுடன் கடுமையாகத்தான் தெரிகிறது.

ஆனால் தீபாவளி நேரத்தில் புடவைக் கடைக்குப் போனால் விலைச்சீட்டைப் பார்த்தா காசை எண்ணுவோம்? தள்ளுபடிப் பலகையைத்தானே பார்ப்போம். கார்பன் வரியிலும் அப்படி ஒரு பலகை தொங்குகிறது. அதன் பெயர் வரிவிலக்கு அளவு: உமிழ்வில் இத்தனை சதவீதத்துக்கு வரியே கிடையாது என்ற சலுகை. சர்க்கரை வரியின் முதல் 4 கிராம்போல. எல்லாருக்கும் அடிப்படையாக 60 சதவீதம். ஏற்றுமதிப் போட்டியில் இருந்தால் இன்னும் கொஞ்சம். மற்றவர்களைவிடத் திறமையாக ஓட்டினால் இன்னும் கொஞ்சம். இப்படி அடுக்கிக்கொண்டே போனால் 95 சதவீதம்வரை தள்ளுபடி கிடைக்கும்.

கணக்குப் போடுவோம். 2019இல் சீட்டில் 120 ரேண்ட். 60 சதவீதம் போனால் கையில் கொடுப்பது 48. தொண்ணூற்றைந்து சதவீதம் போனால் 6. பெட்ரோலையும் பாருங்கள்: ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ, டன்னுக்கு 236 ரேண்ட் என்றால் முழு வரி சுமார் 54 சென்ட். 2025இல் நாம் கொடுத்தது 14. அங்கிளின் ரசீதிலும் தள்ளுபடி இருக்கிறது, அச்சில் இல்லை, அவ்வளவுதான்.

மின்சாரத்துக்கு இன்னொரு வளையம். நிலக்கரி போன்ற புதுப்பிக்க முடியாத மூலங்களிலிருந்து வரும் மின்சாரத்துக்கு ஏற்கெனவே யூனிட்டுக்கு 3.5 சென்ட் சுற்றுச்சூழல் தீர்வை இருந்தது. கார்பன் வரியின் முதல் கட்டத்தில் எஸ்காம் அந்தத் தீர்வையைக் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள், மின்கட்டணம் ஏறாமல் இருக்க. கட்டணம் ஏறியது வேறு காரணங்களால். பெரும்பகுதி மின்சாரத்தை நிலக்கரியில் எடுக்கும் நாட்டில், மிகப் பெரிய உமிழ்வாளரின்மேல் வரி கிட்டத்தட்ட உறைக்கவே இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

முதல் கட்டம் 2022இல் முடிந்திருக்க வேண்டும், 2025 இறுதிவரை நீட்டினார்கள். அடுத்த கட்டத்தில் 60 சதவீதத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று நிதியமைச்சகம் 2024 இறுதியில் யோசனை வைத்தது. தொழில்துறை எதிர்த்தது. 2025 பட்ஜெட்டில் 60 சதவீதம் 2030வரை அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். விலைச்சீட்டில் எண் ஏறும், பலகை இறங்காது.

சிறு விலை என்ன செய்யும் என்பதற்கு நம் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. 2003இல் கடைப் பைகளுக்குக் காசு வாங்க ஆரம்பித்ததும் பை விற்பனை சட்டென்று விழுந்தது. பின்னர் விலையைக் குறைத்தார்கள், மக்களும் பழகிவிட்டார்கள், விற்பனை திரும்ப ஏறியது. 2024இல் ஒரு பைக்கு 32 சென்ட் தீர்வை ஆனது. கல்லாவில் நின்று அதை யோசிப்பவர் யார்? என் வீட்டில் தொட்டிக்கு அடியில் ஒரு பை நிறையப் பைகள் இருக்கின்றன.

தொழில்துறை சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. மின்கட்டணம் ஏறி, துறைமுகமும் ரயிலும் தடுமாறி, வேலையில்லாதோர் மூன்றில் ஒருவர் என்ற நிலையில் இருக்கும் நாட்டில், ஓர் ஆலை மூடினால் அந்தத் தெரு முழுக்க இருட்டாகும். ஆனால் 95 சதவீதத் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு முழு விலை கொடுத்தவர்போல் அழுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுருக்கமாக: அறிவிக்கும் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு. யாராவது ‘236 ரேண்ட்’ என்று ஆரம்பித்தால், தள்ளுபடி எத்தனை என்று கேளுங்கள்.

புரட்டாசி விரதமும் ஆஃப்செட்டும்

தள்ளுபடிகளில் ஒன்றுக்குத் தனி விளக்கம் வேண்டும். ஆஃப்செட் என்றால் ஈடு: நான் உமிழ்வைக் குறைப்பதற்குப் பதில் வேறொருவர் குறைக்கப் பணம் கொடுத்து, அந்தக் குறைப்பை என் கணக்கில் எழுதிக்கொள்வது.

புரட்டாசி மாதம். எனக்கு மட்டன் பன்னி சௌ இல்லாமல் முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம், “அண்ணே, நீங்க எனக்காக விரதம் இருங்க, மாசம் ஐந்நூறு ரேண்ட் தர்றேன்” என்கிறேன். பெருமாள் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம். தெருவில் மொத்தமாகச் சாப்பிட்ட மட்டன் குறைந்ததா என்று மட்டும் கேட்டால், குறைந்தது. வானத்துக்கும் மொத்தம்தான் கணக்கு.

ஆனால் அண்ணன் பிறவியிலேயே சைவம் என்றால்? ஐந்நூறு ரேண்ட் போனது, ஒரு துண்டு மட்டன்கூடக் குறையவில்லை. என் பணம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியதா என்ற இந்தக் கேள்விதான் எல்லா ஆஃப்செட்டுக்கும் உரைகல். காடு வளர்க்கிறோம், காட்டை வெட்டாமல் விடுகிறோம் என்று வரும் பல திட்டங்கள் உலகம் முழுக்க இங்கேதான் இடறி விழுகின்றன.

டர்பனில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கிளேர் எஸ்டேட்டில் பிசாசர் சாலைக் குப்பைமேடு 1980இல் தொடங்கியது, இந்தியர் வீடுகளின் வாசலில். குப்பை மக்கும்போது வரும் மீத்தேன் கார்பன் டைஆக்ஸைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. அதைக் குழாய்வழி எடுத்து எரித்து மின்சாரம் செய்து, கார்பன் ஈடாக விற்க நகராட்சி திட்டமிட்டது. காகிதத்தில் அருமை. அங்கே வாழ்ந்த சஜிதா கான் கடுமையாக எதிர்த்தார். மேட்டையே மூடுங்கள் என்பதுதான் அவரும் அவர் அயலாரும் கேட்டது. அதில் வருமானம் வந்தால் மூடவே மாட்டார்கள் என்று பயந்தார். உலகக் கணக்குக்கு நல்லது, அந்தத் தெருவுக்குக் கெட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை எனக்குக் காட்டியது அந்தக் குப்பைமேடுதான்.

வாங்கிய பணம் எங்கே?

கார்பன் வரியை ஆதரிக்கிறாயா என்று கேட்டால் என் பதில்: பணத்தை என்ன செய்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

தென்னாப்பிரிக்காவில் அது பொதுக் கஜானாவுக்குப் போகிறது. காலநிலைக்கு என்று தனி உண்டியல் இல்லை. கனடாவில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள்: 2019 முதல் எரிபொருளில் வாங்கிய வரியின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். குறைவாக எரித்தவருக்கு லாபம்கூட வந்தது. ஆனாலும் பெட்ரோல் பங்கில் ஏறிய விலை ஒவ்வொரு வாரமும் கண்ணில் பட்டது, கணக்கில் வந்த பணம் படவில்லை. அரசியல் முற்றி, 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் கார்பன் கட்டணத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். பெரிய ஆலைகளுக்கான விலை மட்டும் தொடர்கிறது.

நம் கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் 2018 நவம்பரில் நடந்தது இன்னும் காரமானது. பிரான்ஸில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் எழுந்தபோது, ஏற்கெனவே விலைவாசியில் நொந்திருந்த அந்தத் தீவில் சாலைகள் அடைபட்டு, தீவின் பாதிப் பகுதியில் ஊரடங்கு போடும்படி ஆயிற்று. டிசம்பரில் பாரிஸ் அந்த உயர்வைக் கைவிட்டது. அங்குள்ள மக்கள் பூமி சூடாவதை ஆதரித்தார்கள் என்றா அர்த்தம்? பணம் போகும் திசை தெரியாமல் பை மட்டும் காலியாவதை எதிர்த்தார்கள்.

இங்கே இதே கேள்வி நிலக்கரி மாகாணமான ம்புமலாங்காவில் நிற்கிறது. 2022 அக்டோபர் 31 அன்று கோமாட்டி அனல் நிலையத்தின் கடைசி இயந்திரத்தையும் நிறுத்தினார்கள். வயதாகிப்போன நிலையம், என்றைக்கானாலும் மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைச் சுற்றி டீக்கடை, வாடகை வீடு, ஒப்பந்த வேலை என்று பிழைத்தவர்களுக்கு அடுத்த வேலை வந்துசேரவில்லை. நிலக்கரியை விட்டு நகரும்போது தொழிலாளரையும் ஊரையும் தெருவில் விட்டுவிடக் கூடாது என்ற கொள்கையை நியாயமான மாற்றம் என்று சொல்கிறார்கள். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பணக்கார நாடுகள் இதற்காக 8.5 பில்லியன் டாலர் தருவதாகச் சொன்னபோது பெரிய கைதட்டல். அதில் பெரும்பகுதி கடன், மானியம் சொற்பம் என்பது மெல்லத்தான் தெரிந்தது. 2025இல் அமெரிக்கா விலகியும்விட்டது.

“உலக உமிழ்வில் நாம ஒரு சதவீதம்தானே, நாம குறைச்சு என்ன ஆகப்போகுது?” என்பார்கள். ஒரு சதவீதம் என்பது சரி. தலைக்குக் கணக்கிட்டால் தென்னாப்பிரிக்கர் ஒருவர் இந்தியாவில் இருப்பவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு உமிழ்கிறார் என்பதும் சரி. நிலக்கரியின் கைங்கரியம்.

ஐரோப்பாவின் வாசலில்

இந்த வாதத்தை இனி நாம் மட்டும் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் வரும் இறக்குமதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் எல்லைக் கார்பன் கட்டணம் போடுகிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவை வெளிநாட்டிலிருந்து வந்தால், அவற்றைச் செய்யும்போது வெளியேறிய கார்பனுக்கு அங்குள்ள விலையை இறக்குமதியாளர் கட்ட வேண்டும். நமக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பேயில் பெரிய அலுமினிய உருக்காலை இருக்கிறது. 

இதில் ஒரு நுணுக்கம். பொருளைச் செய்த நாட்டிலேயே கார்பன் விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். உண்மையில் கட்டியதைத்தான், விலைச்சீட்டில் இருந்ததை அல்ல. ஆக, இங்கே தள்ளுபடி கொடுத்து வசூலிக்காமல் விடும் ரேண்ட், ஐரோப்பாவுக்குப் போகும் பொருள்களைப் பொறுத்தவரை, அங்கே யூரோவாக வசூலாகும். ஏழை நாடுகள்மேல் பணக்காரர்கள் போடும் சுங்கம் இது என்று தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் கோபப்படுவதில் நியாயம் உண்டு. இரண்டு நூற்றாண்டாக எரித்துப் பணக்காரர் ஆனவர்கள், இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கோபப்பட்டாலும் பில் வரும்.

வெள்ளைப்பலகையில் நான் இதுவரை எழுதிவந்ததும் மெர்பேங்க் ஆன்ட்டி கேட்டார்: “அப்ப அந்தக் காசை இங்கேயே வாங்கினா, கோமாட்டிக்காரங்களுக்குக் கொடுக்கலாமே?” கொடுக்கலாம். கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இன்னும் எழுதவில்லை என்றேன். தேநீர் ஆறிப்போயிருந்தது. அங்கிள் தன் ரசீதைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் 200, 109, 7 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். ஏழைச் சுற்றி வட்டம் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.